மலையில் பல் வைத்தியம்: மாணவர் மருத்துவமனையை நீலகிரி ஊர்களோடு இணைக்க ஒரு முழு வழிகாட்டி

நீலகிரியில் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. 2022-ல் ஊட்டிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டரைப் பார்க்கலாம், பஜாரில் தனியார் கிளினிக்குகளும் உண்டு. ஒரு பல்லைப் பிடுங்க இது போதும். வேர் சிகிச்சை, முழுப் பல்செட், கோணலாக முளைத்த ஞானப் பல் என்று வந்துவிட்டால் கொழுந்து பறிக்கிற குடும்பத்துக்குத் தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது. 'வலிக்கும்போது பிடுங்கிக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். ஐம்பது வயதில் வாய் பாதி காலி.

மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இதற்கு நேர் எதிரான பஞ்சம். பல் மருத்துவ மாணவர்கள் மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு துறையிலும் இத்தனை வேலை முடித்துக் காட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு. அவர்கள் பேச்சில் அது 'கோட்டா'. அதிலும் முழுப் பல்செட் கட்ட, ஒரு பல்கூட இல்லாத வாய் வேண்டும். அப்படி ஒரு தாத்தா வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தால் மாணவர்களுக்குள் போட்டியே நடக்கும். ஆள் கிடைக்காமல் சொந்தப் பாட்டியை ஊரிலிருந்து அழைத்து வந்து செட் கட்டுகிற பிள்ளைகளும் உண்டு.

மேலே வாய்கள், கீழே கைகள், நடுவில் மலைப்பாதை. இந்த மாணவர்கள் சிகிச்சை தரும் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான் மாணவர் மருத்துவமனை என்கிறேன். அங்கே கட்டணம் குறைவு, சில வேலைகள் இலவசமாகவும் நடக்கும். ஆனால் வேலை மெதுவாகத்தான் நகரும், பல தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலியும், பஸ் காசும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். மலைக்காரருக்கு உண்மையான கட்டணம் அதுதான். எனவே இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப் போவது ஒரே கேள்வி: பஸ் ஏறும் தடவையை எப்படிக் குறைப்பது? மகளிர் குழு, பள்ளி ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், எஸ்டேட் சங்கம் என்று ஊரில் முன்கை எடுக்கக்கூடிய யாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 1: மாணவர் மருத்துவமனை எப்படி நடக்கிறது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

'படிக்கிற பசங்க நம்ம வாயில பழகுவாங்களா?' என்பதுதான் ஊரில் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. பழகத்தான் செய்கிறார்கள், ஆனால் தனியாக அல்ல. பல் மருத்துவப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுப் பாடமும் ஓராண்டு பயிற்சியும் சேர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் மெழுகிலும் பிளாஸ்டர் மாதிரியிலும் கை பழகிய பிறகுதான் நோயாளியின் வாயைத் தொட விடுகிறார்கள். அதன் பிறகும் ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். சொத்தையைச் சுரண்டியதும் ஒரு தடவை பார்ப்பார், அடைத்ததும் இன்னொரு தடவை பார்ப்பார். ஆசிரியர் வேறு நாற்காலியில் இருந்தால் நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான். தனியார் கிளினிக்கில் அரை மணியில் முடிகிற அடைப்பு இங்கே அரை நாளை விழுங்கும். பொறுமை இருந்தால் நல்ல வேலை கிடைக்கும். இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்த வேலை அது.

இதை ஒளிக்காமல் ஊரில் சொல்லிவிடுங்கள். 'இலவசம், உடனே முடியும்' என்று அழைத்துப் போனால் இரண்டாம் தடவைக்கு யாரும் வர மாட்டார்கள்.

படி 2: கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, சரியான ஆளைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று நமக்குத் தொலைவில் இருக்கின்றன. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்குக் கோவைதான் வழி: நகரத்திலேயே ஸ்ரீ ராமகிருஷ்ணா பல் மருத்துவக் கல்லூரி, சூலூர் பக்கம் கண்ணம்பாளையத்தில் ஆர்.வி.எஸ். கல்லூரி. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஊட்டிக்கு ஏறி மறுபடி கோவைக்கு இறங்குவதைவிட, கோழிக்கோடு அரசு பல் மருத்துவக் கல்லூரியையும் மைசூரு ஜே.எஸ்.எஸ். கல்லூரியையும் விசாரித்துப் பார்க்கலாம். மைசூரு என்றால் முதுமலை, பந்திப்பூர் சாலை இரவு 9 மணிக்கு மூடிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நேரம் குறியுங்கள்.

கல்லூரி முதல்வருக்கு மனு எழுதுவது மரியாதைக்கு. வேலை நடக்க வேண்டுமானால் பொது சுகாதாரப் பல் மருத்துவத் துறைத் தலைவரைப் பாருங்கள். முகாம், நடமாடும் பல் மருத்துவ வேன், வெளியூர் மையங்கள் எல்லாம் அந்தத் துறையின் பொறுப்பு. பயிற்சி மருத்துவர்கள் தங்கள் ஓராண்டில் சில மாதங்களை இந்தத் துறையில் கழித்தாக வேண்டும். ஆக, நீங்கள் உதவி கேட்டு மட்டும் போகவில்லை, அவர்களுக்கு வேண்டியதையும் கையில் கொண்டு போகிறீர்கள். அந்த மிடுக்கோடே பேசுங்கள்.

பேச்சில் மூன்று விஷயம் கறாராக இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவையாவது அதே ஊருக்கு, அதே கிழமையில் வர முடியுமா? ஆசிரியர் ஒருவர் கட்டாயம் கூட வருவாரா? மேலே தொடங்கிய சிகிச்சையைக் கீழே முடிக்கும்போது மலை நோயாளிக்கென்று நாற்காலி ஒதுக்குவார்களா? மூன்றுக்கும் 'பார்க்கலாம்' என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அப்படிப்பட்ட முகாம்களை இந்த மலை நிறையவே பார்த்திருக்கிறது. பானர் கட்டுவார்கள், பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், 'கோயம்புத்தூர் வாங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடுவார்கள்.

படி 3: இடமும் அனுமதியும்

ஆரம்ப சுகாதார நிலையம்தான் சிறந்த இடம். தண்ணீர், கரண்ட், கழிப்பறை, அவசரத்துக்கு ஒரு டாக்டர், மருத்துவக் கழிவை எடுத்துப் போக ஏற்கனவே ஓர் ஏற்பாடு, எல்லாமே அங்கே இருக்கும். அதற்கு மாவட்ட சுகாதார அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நடத்துவதானால் நிர்வாகத்தின் சம்மதம் போதும். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவதை 1951-ஆம் ஆண்டுச் சட்டமே நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. அதனால் கெஞ்சிக் கேட்கத் தேவையில்லை. காட்டுக்குள் இருக்கும் பழங்குடிக் கிராமங்களுக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

பலர் மறந்துபோகும் ஒன்று இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். கல்லூரி வேன் கோவைப் பதிவு எண்ணோடு வரும். கல்லாறு சோதனைச் சாவடியில் மாணவர்கள் போனை நோண்டிக்கொண்டு நிற்காமல் இருக்க முந்தின நாளே பாஸ் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஜூன் முதல் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்கு மழை. அக்டோபர் முதல் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை, மண்சரிவு. ஏப்ரல், மே சீசனில் சாலையே நகராது. மிச்சம் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. உறைபனியில் கொழுந்து குறைந்திருக்கும், ஆட்களுக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும். புதிதாகத் தொடங்க அதுவே நேரம்.

படி 4: டாக்டர்கள் வருமுன் பட்டியல் தயார்

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளிலும் ஏறி இறங்கி ஒரு பட்டியல் எடுங்கள். இதற்கு டாக்டர் தேவையில்லை. எங்கே வலி, எத்தனை நாளாக, பல்செட் வேண்டுமா, வாயில் ஆறாத புண் உண்டா என்று கேட்டால் போதும். அதைவிட முக்கியம் மருந்துகள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், ஊசிக்கு ஒவ்வாமை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையையே எடுத்துவரச் சொல்வது நல்லது. 'வெள்ளைக் கலர் மாத்திரை' என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை மாத்திரை தரும் அக்காக்களிடம் இந்த விவரம் பாதி இருக்கும்.

பட்டியல் எடுக்கப் போகிறவர் அந்தச் சமூகத்து ஆளாகவே இருக்கட்டும். கூடலூரில் 1990-லிருந்து நடந்துவரும் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடி மக்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்துத்தான் ஊன்றியது. பணியர் காலனிக்குள் வெளி ஆள் நோட்டோடு போனால் கதவு சாத்திக்கொள்ளும்.

படி 5: எதை மேலே செய்வது, எதைக் கீழே செய்வது

திட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஆசிரியரோடு உட்கார்ந்து பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்.

மேலேயே முடித்துவிடக்கூடியவை: பரிசோதனை, பல் சுத்தம், ஆடும் பல்லை எடுப்பது, சின்னச் சொத்தைகளை அடைப்பது. கரண்ட் இல்லாத ஊரிலும் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, கண்ணாடி அயனோமர் என்ற சிமெண்டால் அடைக்கும் முறை இருக்கிறது. துளையிடும் மெஷினின் சத்தமே கிடையாது, பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். மலைக்கென்றே செய்தது போன்ற வேலை.

கீழேதான் நடக்க வேண்டியவை: வேர் சிகிச்சை, எலும்புக்குள் புதைந்த ஞானப் பல், கட்டி, புற்றுநோயா என்று பார்க்கத் துணுக்கு எடுக்கும் சதைப் பரிசோதனை. இவற்றில் பலவற்றுக்கு எக்ஸ்ரே வேண்டும். எக்ஸ்ரே கருவியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால் நினைத்த இடத்துக்குத் தூக்கிவர முடியாது.

மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது: பாதி மேலே, பாதி கீழே. முழுப் பல்செட்டை எடுத்துக்கொள்வோம். முதல் அச்சு, இறுதி அச்சு, தாடை அளவு, மெழுகில் பல் அடுக்கிப் பார்ப்பது, செட் கொடுப்பது என்று குறைந்தது ஐந்து அமர்வு. அப்புறம் உரசும் இடத்தைச் சரிசெய்ய இன்னும் ஒன்றிரண்டு. எழுபது வயதுப் பாட்டியை இத்தனை தடவை கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறக்கி ஏற்றுவது நடக்கிற காரியமா? ஆனால் யோசித்துப் பாருங்கள்: இந்த ஐந்துக்கும் நடுவே நடப்பதெல்லாம் ஆய்வக வேலை. ஆய்வகத்துக்குப் பாட்டி தேவையில்லை, பாட்டியின் அச்சு போதும். மாணவர்கள் ஒரே ஊருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பாட்டி மலையை விட்டு இறங்காமலே செட் முடிந்துவிடும்.

இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. முதல் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் பொடி அச்சு எடுத்த சில நிமிடங்களிலேயே ஈரம் விட்டுச் சுருங்கத் தொடங்கும். 'கல்லூரிக்குப் போய் ஊற்றிக்கலாம்' என்று வேனில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், கீழே போய்ச் சேர்வது வேறு யாருடைய வாயோ. அங்கேயே, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், பிளாஸ்டர் போல இறுகும் கல்மாவைக் கரைத்து ஊற்றி மாதிரி எடுத்துவிட வேண்டும். மாதிரி இறுகியதும் பெயரும் ஊரும் எழுதி, துணியில் சுற்றிக் கொண்டுபோகலாம். இதற்கு ஒரு மேசை, ஒரு வாளித் தண்ணீர், இதை மட்டும் பார்க்கும் ஒரு மாணவர் வேண்டும். முகாம் இடத்தில் அந்த மேசையை நீங்கள் போட்டுவையுங்கள்.

படி 6: முகாம் நாளில் குளிரும் உயரமும் செய்யும் வேலை

கோவையில் கைபழகிய மாணவருக்கு ஜனவரிக் காலையில் மலைத் தண்ணீர் ஒரு புதுப் பாடம். ஆல்ஜினேட்டைக் குளிர்ந்த நீரில் குழைத்தால் இறுக வெகுநேரம் எடுக்கும். இப்படி ஒரு முகாமில், அச்சுத் தட்டோடு வாய் நிறைய உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் அந்தப் பையன், "மூக்கால மூச்சு விடுங்க பாட்டி, இதோ ஆயிடுச்சு, இதோ ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தட்டு வெளியே வந்ததும் பாட்டி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏந் தம்பி, இதுக்குள்ள நான் ஒரு கூடை கொழுந்து எடுத்திருப்பேனே" என்றார். அடுத்தவருக்குக் குழைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் வந்துவிட்டது. பிளாஸ்க் ஒன்று கொண்டுவரச் சொன்னால் போதும். சிமெண்ட் அடைப்பும் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். அடைத்த உடனே எழுப்பிவிடாமல் பருத்திச் சுருளை மாற்றி மாற்றி வைத்து, எச்சில் படாமல் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கிருமி நீக்கத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கருவிகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் கிருமி முழுதும் சாகாது. எந்த ஊரிலும் அது போதாது. ஊட்டியில் இன்னும் மோசம். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் ஏன் முடியவில்லை என்பதற்கும் அதுவே காரணம். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் இந்தக் கணக்கு உண்டு: ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் அரை பவுண்டு வீதம் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சமவெளியில் 15 பவுண்டு என்றால் ஊட்டியில் 18, 19 பவுண்டு வைத்தால்தான் 121 டிகிரி கிடைக்கும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், கல்லூரியிலேயே கிருமி நீக்கி, ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிக் கொண்டுவருவதுதான் வழி. எத்தனை பொட்டலமோ அத்தனை பேருக்குத்தான் கருவி வேலை. பொட்டலம் தீர்ந்ததும் மற்றவர்களுக்குப் பரிசோதனை மட்டும். வரிசையில் யார் நின்றாலும், ஊர்ப் பெரியவரே நின்றாலும் சரி.

மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. வாய் கொப்பளிக்க எவர்சில்வர் டம்ளர்களையும், கழுவ ஆளையும், குடிக்கப் பெரிய கேனில் தண்ணீரையும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். பிடுங்கிய பல், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில். ஊசி முனைகள் குத்தாத வெள்ளை டப்பாவில். வெள்ளி அடைப்பு உள்ள பல்லில் பாதரசம் இருப்பதால் எரிக்கப் போகும் பையில் அதைப் போடக் கூடாது. தேயிலைத் தோட்டத்து ஓடையோரம் எதையும் கொட்டிவிட்டுப் போகவில்லை என்பதைக் கடைசியில் நீங்களே நடந்து பாருங்கள்.

வாய்ப்புண் உள்ளவர்களை வரிசையில் முன்னால் விடுங்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுகிப்போவது, இந்த மூன்றில் எது இருந்தாலும் அவர் பெயருக்குச் சிவப்புக் குறி. அவர் கீழே போய்ச் சதைப் பரிசோதனை முடித்தாரா என்பதை நீங்களே பின்தொடர வேண்டும். மற்ற எதைத் தவறவிட்டாலும் இதை விடாதீர்கள்.

படி 7: கீழே போகும் நாள்

தனித்தனியாக அனுப்பாதீர்கள். ஏழெட்டுப் பேராகச் சேர்த்து, கல்லூரியிடம் வண்டி கேளுங்கள். நோயாளிகளை அழைத்துவரக் கல்லூரிகள் பஸ் விடுவது வழக்கம்தான், மேட்டுப்பாளையம் வரையாவது வரச் சொல்லலாம். ஒருவருக்கு இரண்டு வேலை இருந்தால், காலையில் ஒரு துறை, மதியம் இன்னொரு துறை என்று ஒரே நாளில் முடிக்கும்படி முன்பே எழுதி வாங்குங்கள். மாணவர்களுக்குத் துறை மாறும்போது நோயாளியை இன்னொரு நாள் வரச் சொல்லும் பழக்கம் உண்டு. பீளமேட்டுக்காரருக்கு அது சரி, கீழ் கோத்தகிரிக்காரருக்குச் சரிவராது.

காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு புறப்படச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்னால் மட்டும். வளைவுப் பாதையில் வாந்தி வருபவர்களுக்குப் பல் எடுப்பதை மேலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பல் எடுத்த புண்ணில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். குமட்டிக்கொண்டும் துப்பிக்கொண்டும் போனால் அது கழன்றுவிடும். கீழே எடுத்தால் பஞ்சைக் கடித்தபடி முக்கால் மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்துவிட்டு, கையில் கூடுதல் பஞ்சோடு பஸ் ஏறட்டும்.

வேர் சிகிச்சை பாதியில் இருக்கும் பல்லோடு மலை ஏறினால் சிலருக்கு வலி கூடும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், உள்ளே வீக்கம் உள்ள பல் முனகும். 'நான் ஊட்டிக்குப் போகணும் டாக்டர்' என்று சொல்லி, தற்காலிக அடைப்பை இறுக்கமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், வலி மாத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் வீங்கி, கண்ணையோ கழுத்தையோ நோக்கிப் பரவினால், விழுங்க முடியாமல் போனால், அடுத்த முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே 108.

படி 8: பள்ளிக்கூடம்

பெரியவர்களுக்குச் செய்வதெல்லாம் பழுதுபார்ப்பு. செலவும் பஸ்ஸும் மிச்சமாவது பிள்ளைகளிடம்தான். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடவாய்ப் பல்லைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அதன் பள்ளங்களை அடைக்கும் பூச்சு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் இரண்டும் வகுப்பறை பெஞ்சிலேயே நடக்கும், பயிற்சி மருத்துவர்களுக்கும் நல்ல கைப்பழக்கம். பள்ளி மாணவர் நலத் திட்டத்தில் ஏற்கனவே பல்லைப் பார்க்கும் அரசு மருத்துவக் குழுவிடம் பேசி, அவர்கள் கண்ட பிள்ளைகளின் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். சொத்தையை நிறுத்தும் வெள்ளி மருந்து தடவினால் அந்த இடம் கறுத்துவிடும். பெற்றோரிடம் முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்காவிட்டால் மறுநாள் பள்ளி வாசலில் சண்டைதான்.

படி 9: நோட்டு

எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதைக் கல்லூரி எழுதிக்கொள்ளும். எத்தனை பேருக்கு முடிந்தது என்பதை நீங்கள் எழுதுங்கள். பெயர், லைன் எண் அல்லது ஹட்டி, என்ன வேலை, எந்தக் கட்டம், பார்க்கும் மாணவரின் பெயர், அடுத்த தேதி. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், அது உங்களிடமே இருக்கட்டும்.

மாணவரின் பெயர் ஏன் என்றால், அவர் ஒருநாள் போய்விடுவார். பல்கலைக்கழகத் தேர்வு முடிந்ததும் ஒரு வகுப்பு மொத்தமும் கலையும். பாதியில் நிற்கும் பல்செட்டும் வேர் சிகிச்சையும் அப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் போகும். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டோடு துறைக்குப் போய், முடியாத ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த வகுப்பில் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். புது மாணவரை அடுத்த முகாமிலேயே அந்த நோயாளியின் முன்னால் நிறுத்தி, "பாட்டி, இனிமே இவருதான்" என்று பழைய மாணவரையே சொல்லவையுங்கள். பாட்டியின் போன் நம்பரைப் புதியவர் தன் போனில் ஏற்றிக்கொண்டாரா என்றும் பார்த்துவிடுங்கள்.